ஹொண்டா ஏ.ரி.சி. 110: எஞ்சினை விட்டுவிட்டுப் பின் அக்சிலில் தொடங்கிய திருத்தவேலை

முதலில் வண்டி எது என்று சொல்லிவிடுகிறேன். ஹொண்டா ஏ.ரி.சி. 110, 1981ஆம் ஆண்டு மொடல். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு இரண்டு என்று மூன்று கொழுத்த ரயர். ஸ்பிரிங் கிடையாது, ஷொக் அப்சோபர் கிடையாது, கிளட்ச் பிடியும் கிடையாது, கயிற்றை இழுத்துத்தான் ஸ்ரார்ட் பண்ண வேண்டும். என் அக்காவின் மகன் இங்கே கனடாவில், ஒன்ராறியோவின் பீற்றர்பரோவுக்குக் கிழக்கே ஒரு பண்ணையில், களஞ்சியத்தின் பின்பக்கம் வைக்கோல் கட்டுகளோடு கிடந்ததை வாங்கி, வாடகை ட்ரெயிலரில் ஏற்றி நேரே என் கராச்சுக்குக் கொண்டுவந்துவிட்டான். வாங்குகிறவன் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

வரும்போது வண்டியில் இருந்த குறைகள் இவை. எஞ்சின் ஸ்ரார்ட் ஆகும், ஆனால் அக்சிலேற்றரை விட்டால் நின்றுவிடும். ஓடும்போது பின்னாலிருந்து “டக், டக்” என்று ஒரு சத்தம். ஹான்டிலை நேராகப் பிடித்தாலும் வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிறேக் பெயருக்கு மட்டும் இருந்தது. பண்ணைக்காரர் அந்தச் சத்தத்தை எஞ்சினுக்குள் பிஸ்டனோடு சேர்ந்து ஓடுகிற தண்டான கொனெக்ரிங் றொட் அடிக்கிற சத்தம் என்று நினைத்துத்தான் விலையைக் குறைத்தாராம். மருமகன் ஏற்கெனவே பிஸ்டன், றிங், கஸ்கற் செற் எல்லாம் இணையத்தில் தேடி வைத்துவிட்டான்.

“மாமா, எஞ்சினைப் பிரிச்சு ஒருக்காச் செய்திட்டா மிச்சமெல்லாம் சின்ன வேலைதானே?”

“எஞ்சின் ஓடுது. ஓடுற வண்டி திரும்பேக்க என்ன செய்யும் எண்டு முதல் பாப்பம்.”

இந்த வண்டியைப் பொறுத்தவரை நான் சொல்ல வருவது அதுதான். எல்லோரும் எஞ்சினிலும் பெயின்ரிலும் காசைக் கொட்டுகிறார்கள். ஆனால் ஒரு பழைய மூன்று சில்லு வண்டி ஓட்டுபவனைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் இரண்டு பின்சில்லையும் சேர்க்கிற தண்டான பின் அக்சில், அதன் இரு முனையில் சில்லைத் தாங்குகிற ஹப், அதில் மாட்டியிருக்கிற ரயர், ஒரேயொரு பிறேக் ஆகிய நான்கும்தான். ஏன் என்பதற்கு வண்டி எப்படி உருவானது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

இப்படி ஒரு வண்டி ஏன் வந்தது

1967இல் அமெரிக்க ஹொண்டா தன் தாய் நிறுவனத்திடம் ஒன்றைக் கேட்டது: குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிறது, அந்தக் காலத்தில் டீலர்கள் விற்பதற்கு ஏதாவது செய்து தாருங்கள். யப்பானில் ஒசாமு தக்கெயுச்சி என்ற பொறியியலாளர் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு சில்லு என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தார். பனி, சேறு, மணல் மூன்றிலும் சுலபமாகத் திரும்பி ஓடக்கூடியது மூன்று சில்லுதான் என்று முடிவானது. காற்று மிகக் குறைவாக அடைத்த பலூன் ரயர் என்ற யோசனை அந்தக் காலத்து ஆம்ஃபிகற் என்ற ஆறு சில்லு நீர்நில வண்டியைப் பார்த்து வந்தது. 1970இல் யூ.எஸ். 90 என்ற பெயரில் 595 டொலருக்கு விற்பனைக்கு வந்தது, பிறகு ஏ.ரி.சி. 90 ஆனது. 1979இல் அதன் இடத்துக்கு 105 சி.சி. எஞ்சினோடு ஏ.ரி.சி. 110 வந்தது.

இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, ஸ்பிரிங் இல்லாததால் ரயரேதான் சஸ்பென்ஷன். 22 அங்குல உயரம், 11 அங்குல அகலம், 8 அங்குல றிம். அதில் அடைக்க வேண்டிய காற்று 2.2 பி.எஸ்.ஐ. மட்டும். காருக்கு 30க்கு மேல் அடிக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு, பின் அக்சில் ஒற்றைத் துண்டு இரும்பு. காரில் இருப்பது போல, இரண்டு சில்லையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரென்ஷல் கிடையாது. வளைவில் வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சில்லு குறைய ஓட வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே கம்பியில் பூட்டியிருப்பதால் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆகவே ஏதாவது ஒன்று வழுக்கினால்தான் வண்டி திரும்பும். பனியிலும் மணலிலும் அது தானாகவே நடக்கும். காய்ந்த கட்டித் தரையில் நடக்காது: வண்டி நேராகவே போகப் பார்க்கும், ஓட்டுபவர் பயந்து ஹான்டிலை இன்னும் திருப்புவார், முன்னால் ஒற்றைச் சில்லு என்பதால் தாங்க ஒன்றுமில்லாமல் பக்கவாட்டில் சரியும்.

இதற்காகத்தான் திரும்பும்போது உடம்பின் பாரத்தை வெளிப்பக்க மிதியில் போட வேண்டும் என்று சொல்வார்கள். பாரம் வெளியே போனால் உட்பக்கச் சில்லு இலேசாகி வழுக்கும், வண்டி திரும்பும். மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகியவருக்கு இது தலைகீழ்ப் பாடம். அவர் வளைவில் காலை நிலத்தில் ஊன்றுவார். இந்த வண்டியில் அப்படி ஊன்றினால் பின்சில்லு அந்தக் காலில் ஏறிவிடும்.

எண்பதுகளில் விற்பனை எக்கச்சக்கமாக ஏறியது, விபத்தும் ஏறியது, அதில் பிள்ளைகள் நிறைய. கடைசியில் 1987 டிசம்பரில் அமெரிக்க அரசு வழக்குப் போட, ஹொண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, பொலாரிஸ் ஐந்தும் புதிய மூன்று சில்லு வண்டிகளின் விற்பனையை நிறுத்த உடன்பட்டன. 1988 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த உடன்பாட்டை ஏற்றது. அதன் காலம் பத்து ஆண்டு. 2008இல் வந்த நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் புதிய மூன்று சில்லு வண்டியின் இறக்குமதியையும் விற்பனையையும் மறுபடி தடுத்தது. பழைய வண்டியை வைத்திருப்பதையோ திருத்துவதையோ இவை எதுவும் தடுக்கவில்லை. ஆக இன்றைக்குக் கையில் கிடைப்பதெல்லாம் சுமார் நாற்பது வருடம் பழசு.

சத்தம் எங்கேயிருந்து

எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, மருமகனை வண்டியைக் கையால் தள்ளச் சொன்னேன். டக். இன்னும் கொஞ்சம் தள்ள, மறுபடி டக். எஞ்சின் ஓடாதபோது கொனெக்ரிங் றொட் எப்படி அடிக்கும்? அத்தோடு பிஸ்டன் கதை முடிந்தது.

பின்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி இடது ரயரை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். ஆடியது. ஆனால் எது ஆடுகிறது? அக்சிலா, பேரிங்கா, ஹப்பா? இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஹப்பின் நடுவே தெரிகிற அக்சில் முனையைத் துடைத்து, முனையிலிருந்து ஹப்புக்கு நேரே வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். பிறேக்கை யாராவது பிடிக்க, ரயரை மட்டும் ஆட்டுங்கள். கோடு உடையாமல் இரண்டும் சேர்ந்து அசைந்தால் குறை உள்ளே. எங்கள் கோடு நடுவில் உடைந்து, ஹப்பிலிருந்த பாதி ஒரு கடுகளவு மேலே போய்க் கீழே வந்தது. ஒவ்வொரு முறையும் டக். (பிறேக் பிடிக்காத வண்டியாச்சே என்று கேட்பீர்கள்; வலது ரயரை நிலத்தில் வைத்து மருமகனை அதில் இருத்தினேன்.)

அக்சில் முனையில் நீளவாக்கில் பல் வெட்டியிருக்கும், ஹப்பின் உள்ளேயும் அதற்கேற்ற பல் இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக நுழைய, வெளியே கிரீடம் மாதிரி வெட்டுள்ள நட்டைப் பூட்டி, அது கழன்றுவராமல் குறுக்கே ஒரு கொற்றர் பின் போட வேண்டும். எங்கள் வண்டியில் கொற்றர் பின்னின் இடத்தில் ஒரு வேலி ஆணி வளைத்து மாட்டியிருந்தது. ஆணி துருப்பிடித்து மெலிந்துபோய், நட் அரைச் சுற்றுத் தளர்ந்து, அந்தத் தளர்ச்சியிலேயே பல வருடம் ஓடியதில் ஹப்பின் பற்கள் முக்கோணமாகத் தேய்ந்திருந்தன. நல்லவேளையாக அக்சிலின் பல்லில் பளபளப்புக் கூடியிருந்ததே ஒழிய வடிவம் கெடவில்லை.

இந்த நிலையில் பலர் செய்கிற ஒரு வேலையைச் சொல்ல வேண்டும்: ஹப்பை அக்சிலோடு வெல்டிங் பண்ணிவிடுவது. சத்தம் நிற்கும்தான். ஆனால் அதற்குப் பிறகு பேரிங் மாற்ற வேண்டுமானால் ஹப்பைக் கழற்ற முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அறுத்தால் அக்சிலும் போய்விடும். அக்சிலும் ஹப்பும்தான் இந்த மொடலில் தேடி அலைய வேண்டிய சாமான். பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் பாகமாக விற்கிற ஒருவரிடம் பாவித்த ஹப் ஒன்று எடுத்தோம். வாங்கும்போது விளம்பரப் படத்தை நம்பாமல், பற்களின் உச்சி தட்டையாக இருக்கிறதா, கூராக இருக்கிறதா என்று கிட்டப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூராக இருந்தால் அது எங்களிடம் இருந்ததன் தம்பி.

அக்சிலைக் கழற்றியதும் தெரிந்தவை

ஹப்பை மாற்றிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் ஆடிய சில்லு பேரிங்கைச் சும்மா விட்டிருக்காது என்று அக்சில் முழுவதையும் வெளியே எடுத்தோம். பிறேக் ட்ரம் பக்கமிருந்த பெரிய நட்டுகள் இரண்டும் ஒன்றை ஒன்று இறுக்கிப் பூட்டியவை, இரவெல்லாம் துரு இளக்கும் எண்ணெய் ஊறப்போட்டு, காஸ் டோர்ச்சால் சூடாக்கித்தான் அசைந்தன. சுத்தியலால் அக்சிலின் முனையில் நேரடியாக அடிக்கவே கூடாது. மரை நசுங்கிவிடும். நட்டை முனை வரைக்கும் திருகிவிட்டு, மேலே ஒரு மரக்கட்டையை வைத்து அடிக்க வேண்டும்.

இடப்பக்கப் பேரிங் பரவாயில்லை. பிறேக் பக்கத்துப் பேரிங்குக்குள் கிரீஸ் என்று ஒன்று இல்லை, சிவப்புச் சேறுதான் இருந்தது. தண்ணீரைத் தடுக்க வேண்டிய இறப்பர் வளையமான சீலின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் போன வழி அதுதான். பேரிங்கின் ஓரத்தில் அடித்திருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பேரிங் மட்டும் விற்கிற கடைக்குப் போனால் அதே அளவில் இருபக்கமும் இறப்பர் மூடிய நல்ல பேரிங் கிடைக்கிறது. வண்டிக்கென்று பெட்டியில் போட்டு விற்கிற மலிவு செற்றை விட அது எவ்வளவோ மேல், விலையும் பெரிய வித்தியாசமில்லை.

புதிய பேரிங் பூட்டும்போது நாங்கள் செய்தது: பேரிங்குகளை ஒரு இரவு ஃபிரீசரில் வைத்தோம், அக்சில் வீட்டை, அதாவது பேரிங்குகள் உட்காருகிற கூட்டை, ஹீற் கன்னால் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கினோம், வெளி வளையத்தின் அளவுக்கே உள்ள ஒரு பழைய சொக்கற்றை வைத்துத் தட்டினோம். உள்வளையத்தில் தட்டினால் குண்டுகள் தடத்தில் குழி பதித்துவிடும், புதுப் பேரிங் முதல் நாளே கிழடாகிவிடும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு குழாய்த் துண்டு இருக்கிறது, அதை மறக்காதீர்கள். பார்க்க ஒன்றுமில்லாத சாமான். ஆனால் வெளியிலிருந்து நட்டை இறுக்கும்போது வருகிற அழுத்தத்தை ஒரு பேரிங்கின் உள்வளையத்திலிருந்து மற்றதற்குக் கடத்துவது அதுதான், அது இல்லாமல் இறுக்கினால் இரண்டு உள்வளையமும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபட்டு பேரிங் சூடாகிப் போய்விடும். முன்பு யாராவது கழற்றிய வண்டியென்றால் அது உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களதில் இருந்தது.

அக்சில் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, தெரிந்த ஒரு கடைசல் பட்டறையில் இரண்டு வி வடிவக் கட்டையில் படுக்கவைத்துச் சுற்றி, டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். நேராக இருந்தது. இந்த வண்டியில் இந்தளவு நல்ல செய்தி வேறொன்றும் இல்லை. அக்சில் வீடு சட்டத்தோடு சேருகிற இடத்தில் மட்டும் பழைய வெல்டிங் ஒன்று, புறாவின் எச்சம் போலத் திரண்டிருந்தது. அதைக் கிரைண்டரால் முழுவதும் எடுத்துப் பார்த்தபோது உள்ளே வெடிப்பு அப்படியே இருந்தது. மேலே பூசி மறைத்திருக்கிறார்கள். வெடிப்பின் இரு முனையிலும் சிறு துளை போட்டு, நடுவை வி வடிவில் வெட்டி, வெல்டிங் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்து அடிவரை நிரப்பினோம். பெயின்ரைச் சுரண்டாமல் வண்டி வாங்குகிறவர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பிறேக்

இந்த வண்டிக்குப் பிறேக் ஒன்றுதான், அதுவும் பின் அக்சிலில். அது பிடிக்காவிட்டால் வேறு வழியில்லை. ட்ரம்முக்குள் சேறு, பிறேக் ஷூவின் ஒரு பக்க லைனிங் தகட்டிலிருந்து கழன்று தனியாகக் கிடந்தது. பழைய லைனிங் தூளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம் என்பதால் காற்று அடித்து ஊதக்கூடாது. முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைத்தோம். உண்மையான குறை ஷூ அல்ல, அதை விரிக்கிற காம். அது தன் துளைக்குள் துருவோடு ஒட்டிப்போயிருந்தது. பிடியை இழுத்தால் கேபிள்தான் நீண்டது, காம் திரும்பவில்லை. சூடாக்கிக் கழற்றி, எமரி தாளால் மினுக்கி, கிரீஸ் பூசிப் போட்டதும் ஒரு விரலால் திருப்பலாம் போல் வந்தது. ஷூ புதிது, சீல் புதிது, கேபிள் புதிது.

இடப்பக்கம் இழுத்தது ஏன்

மருமகன் இதை முன்ஃபோர்க் வளைவு என்று நினைத்தான், வளைவு கிடையாது. தையல்காரர்கள் பாவிக்கிற துணி நாடா ஒன்றை அக்காவிடம் வாங்கி, இரண்டு பின்ரயரையும் ஒரே காற்றில் வைத்து, நடுவால் சுற்றளவை அளந்தேன். வலது 1,748 மில்லிமீற்றர். இடது 1,700. இடப்பக்கம் யாரோ பிற்காலத்தில் வேறு தயாரிப்பு ரயர் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் எழுதியிருக்கும் அளவு இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் உண்மை அளவு ஒன்றல்ல.

இனிக் கணக்குப் பாருங்கள். ஒரே கம்பியில் பூட்டிய இரண்டு சில்லு, ஒரு சுற்றுக்கு 48 மில்லிமீற்றர் வித்தியாசம். நூறு மீற்றர் போக ஏறக்குறைய 58 சுற்று. வழுக்காமல் ஓடினால் நூறு மீற்றரில் வலது சில்லு இடதைவிடக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மீற்றர் கூட ஓடியிருக்க வேண்டும். அப்படியென்றால் வண்டி சிறிய ரயர் பக்கம் வளையாமல் வேறெங்கே போகும்? காரில் டிஃபரென்ஷல் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். இதில் விழுங்க ஒன்றுமில்லை. இதனால்தான் இந்த வண்டிக்கு ஒரு ரயர் மட்டும் மாற்றுகிற பழக்கம் கூடாது; பின்னுக்கு இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒரே மொடல், ஒன்றாக வாங்கியவை.

மூன்றையும் மாற்றினோம், பழையவற்றின் பக்கச்சுவர் எல்லாம் வெடித்திருந்தபடியால் அதில் யோசிக்க எதுவுமில்லை. செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போனது. காற்றடிக்கும்போது மட்டும் கவனம்: பெற்றோல் நிலையக் காற்றுக் குழாயை இதில் வைக்காதீர்கள், ஒரு மூச்சில் அளவு தாண்டிவிடும். சைக்கிள் பம்ப் போதும். சாதாரண காற்றுக் கேஜில் 2.2 என்பது ஊசி அசையாத இடம், குறைந்த அழுத்தத்துக்கென்று விற்கிற கேஜ் தனியாக வாங்க வேண்டும். பார்வைக்கு ரயர் அரைவாசி இறங்கியது மாதிரித்தான் தெரியும், மருமகன் வந்து இரண்டு தடவை “காத்துப் போட்டுது மாமா” என்றான். கூட அடித்தால் வண்டி பந்து மாதிரித் துள்ளும், பிடிமானமும் போகும். காற்றடித்த பிறகு மறுபடி நாடா வைத்து அளந்தேன். ஆறு மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தது. கூடிய பக்கத்தில் ஒரு சொட்டுக் காற்றை விட்டதும் இரண்டாகக் குறைந்தது.

இனி எஞ்சின்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் அவ்வளவுதான் வேலை. 105 சி.சி., 52 மில்லிமீற்றர் போர் (சிலிண்டரின் விட்டம்), 49.5 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வருகிற தூரம்), நிலத்துக்குக் கிடையாகப் படுத்திருக்கிற ஒற்றைச் சிலிண்டர். அவுஸ்திரேலியத் தபால்காரர்கள் ஓடிய ஹொண்டா மோட்டார் சைக்கிள் சி.ரி. 110க்கும் இதே போர், இதே ஸ்ட்ரோக். யாழ்ப்பாணத்துக்காரருக்கு இன்னும் கிட்டவாகச் சொன்னால், நாங்கள் ஓடித் திரிந்த எம்.டி. 90 இந்தக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளை, அது யப்பான் தபால்காரரின் வண்டி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் போனபோது, ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய எஞ்சின் அது. ஊரெல்லாம் புகை, கரி, நாற்றம், ஆனாலும் ஓடியது. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த எஞ்சினைப் பற்றிப் பயம் வராது. இதன் றிங், வால்வு, கஸ்கற் எல்லாம் இன்றும் சுலபமாகக் கிடைக்கும். ஹப் மாதிரித் தேட வேண்டியதில்லை.

அக்சிலேற்றரை விட்டால் நின்றதற்குக் காரணம் காபரேட்டரின் பைலட் ஜெற், எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெற்றோல் விடுகிற சிறு துளை. பழைய பெற்றோல் வற்றி அரக்கு மாதிரி அடைத்திருந்தது. இங்கே சாதாரணப் பெற்றோலில் எதனோல் கலந்து வருவதால், அது ஈரத்தை இழுத்துக் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகப் பொருமியும் இருந்தது. ஜெற்றைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெருத்துவிடும். காபரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, கிற்றார் நரம்பின் மிக மெல்லிய இழை ஒன்றால் சும்மா நுழைத்துப் பார்த்து, காற்றடித்தால் போதும். புதிய மலிவுக் காபரேட்டர் ஒன்றை மருமகன் வாங்கி வைத்திருந்தான், அதில் ஜெற் அளவு என்னவென்று விற்றவருக்கே தெரியவில்லை. பழையதையே பூட்டினோம்.

வால்வு இடைவெளி இரண்டுக்கும் 0.05 மில்லிமீற்றர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. எக்ஸோஸ்ற் வால்வு இறுகிப்போயிருந்தது, சரிசெய்தோம். வலப்பக்க மூடியைத் திறந்தால் கிளட்சின் முகத்தில் ஒரு வட்ட மூடி இருக்கும். சுழற்சியின் வேகத்தில் ஒயிலிலுள்ள அழுக்கை ஓரத்தில் ஒதுக்குகிற வடிகட்டி அது. கழற்றி மாற்றுகிற தாள் ஃபில்ரர் இந்த எஞ்சினில் இல்லாததால் பலருக்கு இப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. அதற்குள் கறுப்புக் களி ஒரு விரல் தடிப்புக்கு இருந்தது. ஸ்குரூட்றைவரால் வழித்து எடுத்தோம். ஒயில் மோட்டார் சைக்கிளுக்கான 10டபிள்யூ-40. காருக்கென்று வருகிற சிக்கன ஒயில்களைப் போட்டால் ஒயிலில் நனைந்து ஓடுகிற கிளட்ச் வழுக்கும்.

கியர் மாற்றும்போது வண்டி குதிக்கவும் செய்தது; பிடி இல்லாமல் தானாக வேலை செய்கிற கிளட்சின் அட்ஜஸ்ற்மென்ற் மட்டுமே அதற்குக் காரணம். மூடியின் நடுவிலுள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவை வலப்பக்கம் ஒரு சுற்று விட்டு, பிறகு மெல்ல இடப்பக்கம் திருப்பிக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் கையில் தடுக்கும். அங்கிருந்து எட்டில் ஒரு பங்கு சுற்று திரும்ப வலப்பக்கம், அவ்வளவுதான், நட்டை இறுக்குங்கள். எம்.டி. 90 ஓடியவர்களுக்கு இதெல்லாம் பழகிய வேலை.

முன்ஃபோர்க் தலையிலுள்ள குண்டுகளை எல்லாம் எடுத்து, கழுவி, புதுக் கிரீஸில் பதித்துப் போட்டோம். கழற்றும்போது கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குண்டு கராச் முழுக்க ஓடும். பெயின்ற் அடிக்கவில்லை. மருமகனுக்கு அதில் மனவருத்தம்தான். ஆனால் சிவப்பு மங்கிப்போன அந்தப் பிளாஸ்ரிக் மட்காட் தொழிற்சாலையில் வந்த அதேதான், உடையவில்லை. அதை எமரித் தாளும் பொலிஷும் போட்டுத் துடைத்ததே போதும். சட்டத்தில் வெல்டிங் செய்த இடத்துக்கு மட்டும் கறுப்புப் பூசினோம், அங்கே மறுபடி வெடித்தால் கண்ணில் படட்டும் என்று மெல்லிய பூச்சுத்தான்.

ஓடிப் பார்த்தது

முதல் ஓட்டம் அதே பண்ணையில், அறுவடை முடிந்த வயலில். சத்தம் இல்லை. நேராக விட்டால் நேராகப் போனது, கையை எடுத்தும் பார்த்தேன், மிக மெதுவாக. பிறேக்கை அழுத்தினால் இரண்டு பின்சில்லும் ஒன்றாகப் பூட்டுகின்றன, ஒற்றை அக்சில் என்பதால் வேறு விதமாக நடக்கவும் முடியாது. மருமகனை முதலில் இரண்டாம் கியருக்கு மேல் போக விடவில்லை. வெளிப்பக்க மிதியில் எழும்பி நின்று திரும்பச் சொன்னேன். முதல் சில தடவை பழைய ஞாபகத்தில் உட்பக்கம் காலை நீட்டினான், நான் கத்தினேன், அவனும் கத்தினான். பிறகு பிடிபட்டுவிட்டது. பண்ணைக்காரர் வேலியில் சாய்ந்து நின்று பார்த்தவர், கிட்ட வந்து முதல் கேட்ட கேள்வி: “பிஸ்டன் என்ன அளவு போட்டீர்கள்?”

மருமகனின் பத்து வயது மகளுக்கு இதில் ஏற ஒரே ஆசை. இல்லை என்று சொல்லிவிட்டேன், அவள் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. வண்டி சின்னது, எஞ்சின் சின்னது என்று பார்க்கிறார்கள், ஆனால் இதைத் திருப்புவதே உடம்புப் பாரத்தால்தான். அந்தப் பாரம் இல்லாத பிள்ளை எப்படித் திருப்பும்? ஒன்ராறியோவில் சொந்தக் காணியை விட்டு வெளியே ஓடுவதென்றால் பதிவு, இலக்கத் தகடு, காப்புறுதி, ஹெல்மெற் எல்லாம் வேண்டும். சொந்தக் காணிக்குள்ளும் ஹெல்மெற் போடாமல் ஓட விடமாட்டேன் என்று திறப்பைக் கொடுக்கும்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போதைய நிலை இது. ஹப் நட்டுகளை முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி இறுக்கிப் பார்த்து, புதுக் கொற்றர் பின் போட்டாகிவிட்டது. மார்க்கர் கோடு இரண்டு பக்கமும் அப்படியே இருக்கிறது, அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பிறேக் பக்கச் சீல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தெரிகிறது. பூட்டும்போது கூடப் பூசியதா, சீல் சரியாக அமரவில்லையா என்று தெரிய ட்ரம்மை ஒருமுறை திறக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் பனிக்கு.